மண்சட்டியில் பிழைத்த மூன்று

போன வாரம் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் தண்ணீர்த் தொட்டி கழுவினார்கள். மூன்றாம் மாடியில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த என் மூக்கில் பிளீச்சிங் பவுடர் நெடி வந்து ஏறியது. பக்கத்து வீட்டு அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைச் சாத்தினார். நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டு இன்னும் கொஞ்சம் இழுத்து மோந்தேன். எனக்கு அது பிடித்த வாசனை என்றால் சிரிப்பீர்கள். பழனி அடிவாரத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் யாராவது உங்களுக்குத் தெரிந்திருந்தால் கேட்டுப் பாருங்கள். திருவிழா என்றால் எங்களுக்கு விபூதி வாசனை, பஞ்சாமிர்தத்துக்குப் பிசையும் பழ வாசனை, அதோடு சுகாதாரத்துறைக்காரர்கள் கிணற்றிலும் குழாய்த் தொட்டியிலும் கொட்டும் இந்தப் பவுடர் வாசனை. வெளியூர்க் கூட்டத்தோடு காலராவும் வந்துவிடக் கூடாதே என்று கை தாராளமாகவே போடுவார்கள். தண்ணீரில் அந்த நெடி அடித்தால் சுத்தமான தண்ணீர், அடிக்காவிட்டால் சந்தேகம். அப்படித்தான் வளர்ந்தோம்.

ஆனால் அன்றைக்கு அந்த வாசனை என்னைப் பழனியில் இறக்கிவிடாமல் நேரே கொடைக்கானலுக்குக் கொண்டுபோனது. இதற்கும் கொடைக்கானலுக்கும் என்ன சம்பந்தம் என்று அவசரப்படாதீர்கள், வருகிறேன். வழியில் ஒரு பூண்டு மூட்டை கெடக்கிறது, அதைத் தாண்டித்தான் போக வேண்டும்.

அறுபதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்து மூன்று வயது, கொடைக்கானலில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர். சகாயமேரி அக்கா என்பவரின் வீட்டு மாடியில் ஓர் அறை வாடகைக்கு. அக்காவின் புருஷன் பூம்பாறைக்காரர். வெள்ளாமையில் வரும் பூண்டையெல்லாம் எங்கள் தலைக்கு மேலே பரணில்தான் ஏற்றி வைப்பார். சேலையில் பூண்டு, கம்பளியில் பூண்டு, நான் வாட்டர் கலர் பூசிய படத்தில்கூடப் பூண்டு. வராந்தாவில் நாங்கள் நடந்து வருவதைப் பார்க்காமலே வகுப்பில் பிள்ளைகள் எழுந்து நின்றுவிடுவார்கள்.

எங்கள் என்றது என்னையும் பியூலாவையும். என் அறைத்தோழி, என் வயசுதான், பயாலஜி டீச்சர். ஒல்லியாக, பெரிய கண்ணாடி போட்டுக்கொண்டு, எப்போதும் பஸ்ஸைத் தவறவிட்டவள் மாதிரி நடப்பாள். அவள் ஸ்வெட்டர் பையில் கைவிடும் தைரியம் எனக்குக் கடைசி வரைக்கும் வரவில்லை. நத்தை ஓடு இருக்கும், வண்டு இருக்கும், ஒருமுறை ஏதோ ஒரு பறவையின் கால் இருந்தது. என்னை அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "ஏய் டிராயிங்!" என்பாள். நானும் திரும்பிப் பார்த்துப் பழகிவிட்டேன்.

தாய் தகப்பன் இல்லாமல் மிஷன் போர்டிங்கில் வளர்ந்தவள் பியூலா. லீவு விட்டால் எல்லாரும் ஊருக்குப் பெட்டி கட்டுவோம். இவள் எங்கே போவாள் என்று முதல் வருஷம் எனக்குத் தோன்றக்கூட இல்லை. படிப்பு முடிந்ததும் போர்டிங்கில் அவள் கட்டிலை வேறொரு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார்கள். பூண்டுப் பரணுக்குக் கீழே இருந்த பாதி அறைதான் உலகத்தில் அவளுக்கு வீடு. அந்த வேலையும் டெம்பரரி.

அந்த வருஷம் ஹெச்.எம். அம்மா அவளைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "பாருங்க மிஸ் பியூலா, ஜூன்ல இன்ஸ்பெக்ட்ரஸ் வர்றாங்க. பயாலஜி குரூப் சாங்ஷன் ஆச்சுன்னா உங்க போஸ்ட் பெர்மனென்ட். ஆகலைன்னா, ஐ ஆம் வெரி சாரி." சாங்ஷன் ஆக வேண்டுமென்றால் லேபில் ஒரு மியூசியம் இருக்க வேண்டும். எங்கள் பள்ளியின் மியூசியம் என்பது பூச்சி அரித்த ஓர் ஆந்தையும், வானத்திலிருந்து விழுந்தது என்று நம்பப்பட்ட ஒரு கருங்கல்லும். மெட்ராஸிலிருந்து ஸ்பெசிமென் வாங்கப் பள்ளியில் வசதி இல்லை.

அப்போதுதான் சித்திரை மழை வந்தது. ஆலங்கட்டியோடு ஒரு மழை, மறுநாளும் மழை. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் சவுக்கு மாதிரி வளர்ந்து நிற்கும் வாட்டில் மரங்களுக்கு நடுவே ஒரு பள்ளம் உண்டு. மழை பெய்தால் குட்டை. சாயங்காலம் அதிலிருந்து கர்ர்ர் என்று தையல் மிஷின் ஓட்டுகிற சத்தம் கேட்டது. மறுநாள் வெள்ளனே பியூலா என் போர்வையை உருவினாள்.

"ஏய் டிராயிங், எந்திரி. வெரசா வா. நம்ம மியூசியம் வந்திருக்கு."

பல்கூட விளக்காமல் போய்ப் பார்த்தேன். தண்ணீருக்குள் புல்லைச் சுற்றிச் சுற்றி ஒரு சரம். கண்ணாடிக் கூழுக்குள் கறுப்புப் பாசிமணி கோத்த மாதிரி, கை கையாக நீளம். பாடப்புத்தகத்தில் தேரை என்று போட்டிருக்கும், எங்கள் வாயில் அது சொறித்தவளை. தவளை முட்டை கும்பலாக மிதக்கும், தேரை முட்டை மட்டும்தான் இப்படிச் சரமாக இருக்கும் என்றாள் பியூலா. அவளுக்கு மூச்சு வாங்கியது. "ஒரே சரத்துலேர்ந்து எட்டு ஸ்டேஜ். முட்டையிலேர்ந்து குட்டித் தேரை வரைக்கும் எட்டு பாட்டில். நீ எட்டு சார்ட் போடு. இன்ஸ்பெக்ட்ரஸ் அசந்துருவாங்க."

பாட்டிலுக்குப் பஞ்சமில்லை. வெள்ளைக்காரர் பங்களாக்களில் காலியாகிற ஜாம் பாட்டில்களைச் சமையல்காரம்மாக்களிடம் சொல்லி வாங்கிக் கழுவினோம். பேரிக்காய் ஜாம் வாசனை மட்டும் போகவே இல்லை. ஃபார்மலின் ஊற்றிய பிறகும் மூடியைத் திறந்தால் முதலில் ஜாம், அப்புறம்தான் ஆஸ்பத்திரி. எட்டு பாட்டிலையும் ஜன்னல் மேடையில் வரிசையாக அடுக்கி, இவள் எட்டு லேபிளும் முன்கூட்டியே எழுதி ஒட்டிவிட்டாள். காலி பாட்டில்களைப் பார்த்துக்கொண்டே தூங்குவாள்.

இனி கொஞ்சம் தேரைக் குஞ்சு புராணம். பொறுத்துக்கொள்ளுங்கள், நான் அதை நாற்பது தாளில் வரைந்தவள். நாலைந்து நாளில் மணிகள் நீண்டு, கமா மாதிரி வளைந்து, கூழைவிட்டு வெளியே வந்தன. அப்போது வாயே கிடையாது. வாய் வரப்போகிற இடத்துக்குக் கீழே பசை மாதிரி ஒரு பிடிப்பு இருக்கும், அதை வைத்துப் புல்லில் ஒட்டிக்கொண்டு தொங்கும். கழுத்தின் இரண்டு பக்கமும் குட்டிக் குட்டிக் குஞ்சலமாகச் செவுள். அது வெளியே தெரிவது சில நாள்தான். ஒரு தோல் மடிப்பு வளர்ந்து வந்து மூடிவிடும். உள்ளே போன தண்ணீர் வெளியே வர ஒரே ஒரு துளை, உடம்பின் இடது பக்கத்தில். நான் முதல் சார்ட்டில் அந்தத் துளையை வலது பக்கம் வரைந்து, கண்ணுக்கு இமையும் வைத்து, அழகாகக் கொண்டுபோய் நீட்டினேன்.

"டிராயிங், இது தேரைக் குஞ்சா, சினிமா ஸ்டாரா? ஹோல் லெஃப்ட்லதான் இருக்கும். எல்லாத்துக்கும் லெஃப்ட்டுதான். மறுபடி போடு."

வாய் வந்ததும் பார்க்க வேண்டுமே! லென்ஸில் பார்த்தால் கிளி மூக்கு மாதிரி சின்ன அலகு, அதைச் சுற்றிச் சீப்புப் பல் வரிசை வரிசையாக. பாசியைச் சுரண்டிச் சுரண்டித் தின்னும். நாங்கள் கீரையை வேகவைத்துப் போடுவோம். சகாயமேரி அக்கா மாடிப்படியில் நின்று பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "நான் வயித்துல சுமந்து பெத்ததுங்க கஞ்சியக் குடிச்சிட்டுக் கெடக்குதுங்க. சொறித்தவளைக் குஞ்சுக்குக் கீரையாக்கும்!" உடம்பெல்லாம் கறுப்பு, அடிவயிறு மட்டும் லேசாகக் கண்ணாடி. அதன் வழியே குடல் சுருள் சுருளாக ஜாங்கிரி சுற்றி வைத்த மாதிரி தெரியும். எனக்கு வரைய ரொம்பப் பிடித்தது அந்த ஜாங்கிரியைத்தான். பசிக்கிற நேரத்தில் வரைவேன்.

நாலு பாட்டில் நிறைந்தது. வால் அடியில் இரண்டு வெள்ளைப் புள்ளியாகப் பின்னங்கால் முளை எட்டிப் பார்த்தது, ஐந்தாவது பாட்டிலும் ஆயிற்று. அதோடு நின்றுவிட்டது. வாரம் ஒன்று போனது, இரண்டு போனது, முளை முளையாகவே இருந்தது. குளிர்ந்த தண்ணீரில் எல்லாம் மெதுவாகத்தான் நடக்கும் என்று பியூலாவுக்குத் தெரியும். ஆனால் ஜூன் மாதம் மெதுவாக வராதே. மாடியில் குஞ்சுகளை வளர்த்த வாளியை அடுப்படியில் வைக்கலாமா என்று கேட்டோம். "என் அடுப்படியிலயா? ஏசுவே!" என்று அக்கா கதவைச் சாத்திவிட்டார். அன்றைக்குப் பியூலா சாப்பிடவில்லை. மூன்று காலி பாட்டில்களை வெறித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று என் பக்கம் திரும்பினாள்.

"ஏய், உங்க ஊர்ல வெயில் எப்படி?"

எங்கள் ஊர் வெயிலைப் பற்றி ஒருத்தர் ஆசையாக விசாரித்தது அதுதான் முதல் தடவை. பள்ளிக்கும் லீவு. ஒரு பெரிய பால் தூக்குவாளியில் குட்டைத் தண்ணீரோடு குஞ்சுகளை நிரப்பி, மூடியில் ஆணியால் துளை போட்டு, காலி பாட்டில் மூன்றையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினோம். நாங்கள் போன பஸ் வழி வத்தலக்குண்டு இறங்கி, செம்பட்டி, ஒட்டன்சத்திரம் என்று சுற்றிக்கொண்டு போகும். சீசன் முடிந்து இறங்குகிற கூட்டம். மலைவளைவில் வாந்தி எடுக்காதவர்கள் டிரைவர், கண்டக்டர், தேரைக் குஞ்சுகள் மட்டும்தான். எங்களுக்கு முன் சீட்டு அம்மாவின் குழந்தை எடுத்த வாந்தியில் அந்த அம்மாள் நனைந்துபோனார். வாளியில் தண்ணீர் அலம்புகிற சத்தம் அவர் காதில் விழுந்துவிட்டது.

"தாயி, கொஞ்சம் தண்ணி தாங்களேன்."

"இது குடிக்கிற தண்ணி இல்லீங்க," என்றாள் பியூலா.

"பரவால்ல தாயி, மொகம் கழுவத்தான்," என்று அவரே மூடியைத் திறந்தார். உள்ளே நூற்றுக்கணக்கில் கறுப்புக் கறுப்பாக நெளிந்தது. அதற்கு அப்புறம் வத்தலக்குண்டு வரைக்கும் குழந்தை சும்மா இருந்தது, அம்மாதான் ஜன்னலை விட்டுத் தலையை எடுக்கவில்லை.

அடிவாரத்தில் எங்கள் அப்பாவுக்குப் பஞ்சாமிர்தக் கடை. வாளிக்குள் எட்டிப் பார்த்தவர் என்னையும் பியூலாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏந்தாயி, மலையில ஒரு கேரட்டு, பீன்ஸு கெடைக்கலியா? சொறித்தவளைக்கு நம்ம கொல்லையில என்ன பஞ்சம்னு இதையப் போயி பஸ்ல ஏத்திக் கொண்டாந்தீக?"

பியூலா பொறுமையாகச் சொன்னாள். எட்டும் ஒரே சரத்தில் பிறந்ததாக இருக்க வேண்டும், வேறு ஊர்க் குஞ்சைக் கலந்தால் அது மோசடி என்று. அப்பாவுக்குச் சட்டென்று பிடிபட்டது. "அப்பிடிச் சொல்லுங்க. விருப்பாச்சி வாழப்பழத்துல வேற பழத்தக் கலக்கக் கூடாதுங்கிறீங்க. அது வாஸ்தவம்." கொல்லையில் தாழ்வாரத்து ஓரமாக ஒரு பழைய அலுமினிய அண்டாவை எடுத்துப் போட்டுக் கொடுத்தார். "ஆனா ஒண்ணுங்க டீச்சரம்மா. கடைப் பக்கம் ஒண்ணு வந்துச்சு, பஞ்சாமிர்தத்துக்குள்ள குதிச்சுச்சு, என் பொழப்பு போயிரும்."

வெயில் என்ன மாயம் செய்ததோ, குஞ்சுகள் பறந்தன. நாலே நாளில் முளை காலாகி, முழங்கால் மடங்கி, ஐந்து விரலும் பிரிந்தது. ஆறாவது பாட்டில் முடிந்தது. முன்னங்கைகள் வெளியே தெரியாமல் தோலுக்கு உள்ளேயே வளரும் என்று பியூலா சொல்லியிருந்தாள். கையும் விரலும் முழுசாகத் தயாரான பிறகுதான் முழங்கையால் இடித்துக்கொண்டு வெளியே வருமாம். பெரும்பாலும் இடது கை முதலில், அந்த மூச்சுத் துளை வழியாகவே. வலது கைக்குத் துளை கிடையாது, தோலைக் கிழித்துக்கொண்டுதான் வர வேண்டும். ஒரு கை வெளியே, ஒரு கை உள்ளே இருக்கிற அந்த நேரம்தான் ஏழாவது பாட்டில். அந்தச் சமயத்தில் குஞ்சு தீனியை நிறுத்திவிடும். ஜாங்கிரிக் குடல் சுருங்கிக் குட்டையாகும், துக்கடா வாய் கண்ணுக்குப் பின்னால் வரைக்கும் கிழியும், வால் கரைந்து அதுவே சாப்பாடாகும். செவுள் போய் நுரையீரல் வரும். ஏறி உட்கார இடமில்லாவிட்டால் பிறந்ததிலிருந்து நீந்தின தண்ணீரிலேயே மூழ்கிச் செத்துப்போகும்.

அதனால் தோலுக்கடியில் முழங்கை புடைத்துத் தெரிந்த மூன்றை மட்டும் தனியாகப் பிடித்து ஒரு மண்சட்டியில் விட்டு, ஏறி உட்கார ஓட்டுச் சில்லு ஒன்றைச் சாய்த்து வைத்து, மாடிப்படிக்குக் கீழே நிழலில் வைத்தாள் பியூலா. மற்றதெல்லாம் அண்டாவில். என்னிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள், கிணற்றுத் தண்ணீரை இறைத்து ஒருநாள் வைத்திருந்துதான் மாற்ற வேண்டும் என்று. அது ஏன் என்று நானும் கேட்கவில்லை.

வைகாசி விசாகக் கூட்டம் ஊருக்குள் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை. பியூலா ஊரின் மறுகோடியில் இருந்த சர்ச்சுக்குப் போயிருந்தாள். அண்டாத் தண்ணீர் கலங்கிக் கெடந்தது. இறைத்து வைத்த தண்ணீரை யாரோ யாத்ரீகர் குளித்துத் தீர்த்துவிட்டார். கிணற்றடியில் ஈரவேட்டிகளுக்கு நடுவே நுழைய முடியவில்லை. தெருக்குழாயில் அப்போதுதான் தண்ணீர் வந்தது. இரண்டு குடம் பிடித்தேன். குடத்தில் குனிந்தபோதே அந்த நெடி மூக்கில் ஏறியது. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? நல்ல தண்ணீர், குஞ்சுகளுக்கு நோய்நொடி வராது என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். அண்டாவை மாற்றி நிரப்பினேன். மண்சட்டிக்கு இன்னொரு குடம் வேண்டும், குழாயடியில் வரிசை நீண்டுவிட்டது, சோம்பலாக இருந்தது, விட்டுவிட்டேன்.

இட்லி சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தேன். பாதி குஞ்சுகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின, மீதி மல்லாந்து மிதந்தன. பதறிப்போய் ஈரவேட்டிகளை இடித்துக்கொண்டு கிணற்றில் இறைத்து, அண்டாத் தண்ணீரை முழுக்கக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றினேன். காப்பாற்றத்தான் ஊற்றினேன். ஒன்றும் பிழைக்கவில்லை. அண்டாவில் இருந்த நெடிதான் போய்விட்டது.

சர்ச்சிலிருந்து வந்த பியூலா செருப்பைக்கூடக் கழற்றாமல் அண்டாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் மாடிப்படிக்கு ஓடினாள். மண்சட்டியில் மூன்றும் உயிரோடு இருந்தன. தண்ணீருக்குள் விரலை விட்டுப் பார்த்தாள், திரும்பி வந்து அண்டாவின் வெளிப்பக்கம் கையை வைத்தாள். பன்னிரண்டு மணி வெயில் தாழ்வாரத்து ஓரம் வரைக்கும் வந்து, அலுமினியம் சுட்டது.

"நான்தான் கொன்னுட்டேன்," என்றாள். "குளிர்ல பொறந்ததுங்களை இந்தச் சூட்டுல கொண்டாந்து… மண்சட்டி குளுமையா இருந்துச்சு, அதான் அந்த மூணும் பொழைச்சிருக்கு. எனக்கு எப்படித் தோணாம போச்சு, டிராயிங்?"

தெருச் சாக்கடையோரம் முழுக்க வெள்ளையாகப் பவுடர் தூவியிருந்தார்கள். ஊரே நாறியது. அதில் என் தப்பை மட்டும் யார் மோந்து கண்டுபிடிக்க முடியும்? நான் வாயைத் திறந்தேன். அவள் அழுதுகொண்டிருந்தாள். அழுது முடிக்கட்டும், சொல்லலாம் என்று வாயை மூடிக்கொண்டேன். பயம்தான், வேறென்ன. அவள் என்னை வெறுத்துவிடுவாளோ என்ற பயம்.

அந்த மூன்றில் ஒன்று மறுநாளே இடது கையை நீட்டியது. வலது முழங்கை தோலைத் தள்ளிக்கொண்டு நின்றது. ஏழாவது பாட்டில். இன்னொன்று நாலு நாளில் வாலைத் தின்று தீர்த்துவிட்டு ஓட்டுச் சில்லில் ஏறி உட்கார்ந்து எங்களை முறைத்தது. எவ்வளவு பெரிசு என்கிறீர்கள்? ஒரு கொண்டைக்கடலை. அத்தனை பாடும் இந்தக் கொண்டைக்கடலைக்கா என்று அப்பா வாய்விட்டுச் சிரித்தார். எட்டாவது பாட்டில். மூன்றாவதைப் பியூலா திரும்பவும் பஸ்ஸில் மலைக்குக் கொண்டுபோய்க் குட்டையோரம் விட்டாள்.

ஜூனில் இன்ஸ்பெக்ட்ரஸ் வந்தார். வெள்ளைக் கதர்ப் புடவை, முகத்தில் சிரிப்பு என்பது மருந்துக்கும் இல்லை. எட்டு பாட்டிலையும் பார்த்தார், என் எட்டு சார்ட்டையும் பார்த்தார். "பார்சல்ல வாங்குனதா?" என்று கேட்டார். அப்போதுதான் பியூலா நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தாள். குளிரில் வளர்ச்சி நின்றது, சூட்டில் ஓடியது, அண்டா, மண்சட்டி எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல், தன் தப்பு என்று ஒப்புக்கொண்டே சொன்னாள்.

"ஒரே முட்டைச் சரம் மேடம். ஒரே தீனி, ஒரே தண்ணி. பாத்திரம் மட்டும்தான் வேற. அலுமினியத்துல இருந்தது பூரா செத்துருச்சு, மண்சட்டியில இருந்தது பூரா பொழைச்சது." பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஒரே தண்ணிதானே, டிராயிங்?"

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். ஹெச்.எம். அம்மா, இன்ஸ்பெக்ட்ரஸ், பியூலா.

"ஆமா," என்றேன்.

இன்ஸ்பெக்ட்ரஸ் கண்ணாடியைக் கழற்றினார். "சபாஷ். புத்தகத்துல இருக்கறத ஒப்பிக்கிற டீச்சர நிறையப் பாத்திருக்கேன். கண்ணத் திறந்து பாக்கிற டீச்சர இன்னிக்குத்தான் பாக்கிறேன்," என்றார். குரூப் சாங்ஷன் ஆனது. பியூலா பெர்மனென்ட் ஆனாள். அன்றைக்குச் சகாயமேரி அக்கா எங்களுக்குப் பூண்டுக் குழம்பு வைத்துக் கொடுத்தார். பியூலா இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். அவளுக்கு வீடு கிடைத்துவிட்டதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். அந்த வீட்டு அஸ்திவாரத்தில் என் பொய் கெடந்ததில் அவ்வளவு பயம்.

அதற்கப்புறம் பதினொரு வருஷம் நாங்கள் ஒன்றாக வேலை பார்த்தோம். ஒவ்வொரு சித்திரை மழைக்கும் அவள் கேட்பாள். "இன்னொரு தடவை கீழ கொண்டுபோய்ப் பார்ப்போமா? ஒரே ஒரு தடவை பார்த்ததை வச்சுச் சொல்லிக்கிட்டிருக்கேன், அது சரியில்லையே." நான் முகத்தை உருக்கமாக வைத்துக்கொண்டு, "பாவம் பியூலா, தெரிஞ்சுக்கிட்டே மறுபடி கொல்லணுமா?" என்பேன். அவள் கண் கலங்கிவிடும். "நீ சொல்றது கரெக்ட்," என்று விட்டுவிடுவாள். இப்படி ஒருதடவை அல்ல, பல தடவை. முதல் பொய்க்குப் பயம் காரணம் என்று சொல்லிக்கொள்ளலாம். இதற்கெல்லாம் என்ன காரணம் சொல்ல? நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் வாயைத் திறக்காமலே கெட்ட ஜாதி.

கல்யாணமாகி நான் மதுரைக்கு வந்துவிட்டேன். அவள் ரிடையர் ஆன விழாவுக்குக் கூப்பிட்டிருந்தாள். இந்தத் தடவை சொல்லிவிடுவது என்று பஸ்ஸில் வார்த்தைகளைக்கூட அடுக்கி வைத்திருந்தேன். மேடையில் அவள் அண்டா கதையைச் சொல்லி, "எனக்குச் சோறு போட்டது ஒரு மண்சட்டிதான். சாட்சி, அதோ உக்காந்திருக்கா," என்று என்னைக் காட்டினாள். பிள்ளைகள் கை தட்டினார்கள். நான் எழுந்து கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

நாலு வருஷம் முன்னால் பியூலா போய்விட்டாள். கொடைக்கானலில்தான் அடக்கம். அடக்கத்துக்கு முந்தின நாளே நான் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டதால் பள்ளிக்கூடத்துப் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். வாட்டில் மரங்களை வெட்டி, குட்டையைத் தூர்த்து, மூன்று மாடி லாட்ஜ் கட்டியிருக்கிறார்கள். லேபில் பாட்டில்களை எப்போதோ தூக்கிப் போட்டுவிட்டு பிளாஸ்டிக் மாடல் வாங்கி வைத்திருக்கிறார்கள், அதில் மூச்சுத் துளையே இல்லை. அன்று சாயங்காலம் நல்ல மழை பெய்தது. லாட்ஜ் படியில் நின்று வெகுநேரம் காது கொடுத்துக் கேட்டேன். ஜெனரேட்டர் சத்தம்தான் வந்தது.

மறுநாள் மண் போட்டு முடிந்ததும் ஓர் அம்மாள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். பியூலாவின் முதல் பயாலஜி வகுப்பில் படித்தவராம், இப்போது திண்டுக்கல்லில் பெரிய டாக்டர்.

"நீங்கதான டிராயிங் டீச்சர்? பியூலா டீச்சர் சொன்னதுல அந்த மண்சட்டி கதைய மட்டும் நான் மறக்கவே இல்ல டீச்சர். குளிர்ல பொறந்தது சூட்டுல தாங்காது, கண்ணால பாத்ததத்தான் நம்பணும்னு சொல்வாங்க. எம்பிள்ளைங்களுக்குச் சொல்லிக்குடுத்தேன். இப்ப பேத்திக்கும் சொல்லிக்கிட்டிருக்கேன்."

நான் அவர் கையை விடுவித்துக்கொள்ளவும் இல்லை, வாயைத் திறக்கவும் இல்லை. அவர் கார் ஏறிப் போனார். குட்டை போய்விட்டது, பாட்டில்கள் போய்விட்டன, நான் யாரிடம் சொல்லியிருக்க வேண்டுமோ அவளும் மண்ணுக்குள் போய்விட்டாள். என் பொய் மட்டும் திண்டுக்கல்லில் ஒரு பேத்தியோடு சௌக்கியமாக இருக்கிறது.